விறாந்தையில் ஒரு தொப்பி

மோர்டன், லண்டன்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பி கார்த்திகேசுவுக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. கண் மங்குகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். யாரிடமாவது காட்டினீர்களா, அல்லது கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளுக்குச் செய்தது போல ‘பரிசீலனையில் உள்ளது’ என்று தள்ளி வைத்திருக்கிறீர்களா?

டெலிபோனில் பேசலாம் என்றால், நீங்கள் “ஆரது? ஆரது?” என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டு போகிறது. கடிதம்தான் நமக்குச் சரி. எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பதுதானே அண்ணன் தம்பி இருவருக்கும் வேதம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் அண்ணன் கடல் கடந்துபோய் உத்தியோகம் பார்த்த தீவில் வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்து, அவர் லண்டனுக்கு வந்தபோது, வழியில் ஊருக்கு வந்து தன் தடித்த விதிப் புத்தகத்தை உங்களிடம் தந்துவிட்டு வந்தார். எந்த உத்தியோகத்தருக்கு வீட்டுப் படி, யாருக்குக் கப்பல் செலவு, யாருக்கு ஒன்றுமே இல்லை என்று எல்லாம் அதில் இருக்கும். பதினெட்டு வருடம் அலவன்ஸ் பிரிவில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தார்.

கோயிலில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கணவரும் இவரைப் போலத் தீவில் உத்தியோகம் பார்த்தவர். இப்போது அந்த அம்மாவுக்கு விதவைப் பென்சன் வருகிறது. மறுமணம் செய்தால் அது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். வேறு எதனாலும் நிற்குமா என்று கேட்கிறார். நேரம் கிடைக்கும்போது பார்த்து எழுதுங்கள். அவசரமில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகனுக்கு உங்கள் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். குளிர் தொடங்கிவிட்டது. கண்ணைக் காட்டுங்கள்.

அண்ணி,
தவநாயகி


சிவமயம்

கொக்குவில்
2 நவம்பர் 2024

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சுகமென்று அறிந்து ஆறுதல். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவவும். என் கண்ணுக்கு ஒப்பரேசன் வேண்டுமாம், தை பிறந்த பின் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பெரிய எழுத்தை இன்னும் வாசிக்க முடிகிறது. விதிப் புத்தகத்தின் எழுத்து சிறியது, பூதக்கண்ணாடி கொண்டு இரண்டு பகல் பார்த்தேன்.

முதலாவது, மறுமணம். தாங்கள் அறிந்ததே.

இரண்டாவது, விதவை ஒருவர் வேறோர் ஆடவருடன் ஒரே கூரையின் கீழ் வசித்தால், மணம் செய்ததாகவே கருதி இளைப்பாற்றுச் சம்பளம் நிறுத்தப்படும். விதிவிலக்கு எதையும் நான் காணவில்லை.

அண்ணன் காலமான பிறகு இப்போதுதான் புத்தகத்தை விரித்தேன், அவர் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு வெப்பப் படி என்று ஒன்று இருந்திருக்கிறது. இலங்கையிலிருந்து போனவர்களுக்கு அது இல்லை, அவர்கள் வெயிலுக்குப் பிறந்தவர்களாம். அண்ணனுடைய விண்ணப்பம் அண்ணனுடைய மேசைக்கே வந்தது என்றும், ‘தகுதி இல்லை’ என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்தேன் என்றும் பெருமையாகச் சொல்வார். நான் முப்பது வருடம் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்தும் அப்படி ஒரு காரியம் செய்ய எனக்கு நெஞ்சுரம் இருந்ததில்லை.

ஒரு சந்தேகம். தீவில் அண்ணனைத் தவிர நம்மவர் என்று மானிப்பாயில் வைத்தியம் பார்த்த பரியாரியாரின் மகன் ஒருவர்தான் இருந்தார், அவர் கலியாணம் செய்யாமலே காலமானார் என்று நினைவு. அந்த அம்மாவின் கணவர் பெயரை எழுதினால் விதியை இன்னும் திருத்தமாகப் பார்க்கலாம்.

குளிரில் வெளியே திரிய வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
கார்த்திகேசு


மோர்டன், லண்டன்
1 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நல்லெண்ணெய் தடவினேன். வீடு முழுவதும் தோசைக்கடை வாசம் அடிக்கிறது, முழங்கால் அப்படியே இருக்கிறது. மற்றப்படி குறையில்லை. தை வரை காத்திருக்காமல் கண்ணைப் பாருங்கள்.

பெயர் எதற்கு? விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. ஆனால் விவரம் சொல்கிறேன், அதை வைத்துப் பாருங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு ஒருவர் வந்துபோகிறார். பெயர் கல்யாணசுந்தரம், ஈரோட்டுப் பக்கம், இங்கே நெஞ்சு டொக்டராக இருந்து இளைப்பாறியவர். மனைவி இறந்து பல வருடம். இரண்டு தெரு தள்ளி ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் முருகனுக்கு ஒரே ரயிலில் போவார்கள். மோர்டனில் லைன் தொடங்குவதால் பக்கத்தில் பக்கத்தில் இருக்க இடம் கிடைக்கும். அவர் ஆரஞ்சு என்று சொல்லும் தோடம்பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்து, பாதியை நீட்டுவார். பென்சன் அலுவலகம் வருடாவருடம் அனுப்பும் உயிர்ச் சான்றிதழில், இவர் உயிரோடிருக்கிறார், விதவையாகவே இருக்கிறார் என்று சாட்சிக் கையெழுத்து வைப்பவரும் அந்த டொக்டர்தான்.

பகலில் வருவார், பேப்பர் வாசிப்பார், சாம்பாரில் சீனி போடலாமா கூடாதா என்று சண்டை பிடிப்பார். வெளிச்சம் குறையத் தொடங்கினால் அந்த அம்மா எழும்பிவிடுவார். “டொக்டர், இருட்டப் போகுது, வெளிக்கிடுங்கோ.” அவரும் “சரிங்க, கிளம்பறேனுங்க” என்று கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தொப்பியைக்கூட வாசல் கொளுவியில் மாட்ட விடுவதில்லை, சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் அதற்கு இடம். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

தொப்பி என்றதும் நீங்கள் சிரிக்க வேண்டாம். தீவில் மரினா என்று ஒரு துறைமுக எழுத்தரின் விதவை இருந்தாள். ஒருநாள் அலவன்ஸ் பிரிவுக்கு வந்து, வீட்டில் ஓர் ஆளைத் தங்க வைக்கலாமா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கே உங்கள் அண்ணன் அவள் பெயரில் கோப்புத் திறந்தார். “கேக்கிற ஆள் எப்பவோ செய்துபோட்டுத்தான் கேக்கும்” என்பார். சைக்கிளில் அவள் வீட்டுப் பக்கம் போனபோது விறாந்தை ஆணியில் ஓர் ஆண்பிள்ளைத் தொப்பி தொங்கியது. அந்த மாதத்தோடு பென்சன் நின்றது. அது செத்துப்போன புருசனின் தொப்பி, எடுக்க மனம் வரவில்லை என்று அவள் எங்கள் வாசலில் நின்று அழுதாள். இவர் நம்பவில்லை. நான் நம்பினேன், என்னை யார் கேட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். டொக்டருக்கு மறதி தொடங்கியிருக்கிறது. பஸ் நம்பர் மறக்கிறார், அடுப்பை மறக்கிறார். மாசிக்குள் வெஸ்ட் ஈலிங்கில் தன் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக மகள் பிரீத்தா சொல்லிவிட்டாள். கூடவே ஆள் இருக்கும் வீடாக இருந்தால் அப்பாவை மோர்டனிலேயே விடுவாளாம். அந்த அம்மா வீட்டில் மேலறை சும்மா கிடக்கிறது. பிள்ளை குட்டியும் இல்லை. ஆனால் அந்தப் பென்சன் நின்றால் வீட்டை வைத்திருக்க ஏலாது. வாடகைக்கு ஓர் ஆளை வைத்தாலும் அது ஒரே கூரையா? பார்த்து எழுதுங்கள். இந்த முறை கொஞ்சம் கெதியாக.

அண்ணி,
தவநாயகி


சிவமயம்

கொக்குவில்
16 ஜனவரி 2025

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணிக்கு,

தைப்பொங்கல் வாழ்த்துகள். தங்கள் கடிதம் மழையில் நனைந்து, பிந்தித்தான் வந்தது. தாங்கள் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நானும் இருக்கிறேன். பொங்கலன்று ஒரு சுண்டு அரிசி பொங்கினேன். மனைவி இருந்தபோது அயலுக்கெல்லாம் கொடுப்பாள். இந்த முறை காகத்துக்கு வைத்தேன், மிச்சம் மறுநாள் மத்தியானம் வரை இருந்தது.

கேட்டதற்குப் பதில். வாடகைக்காரர் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. இல்லாததை அனுமதித்ததாகக் கொள்ள முடியாது. மேலறையும் அந்தக் கூரையின் கீழ்தான் இருக்கிறது. அண்ணனிடம் இந்தக் கோப்பு வந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் ‘தகுதி இல்லை’ என்று எழுதியிருப்பார். ஆகவே அந்த அம்மா விதிப்படி நடப்பதே பாதுகாப்பு.

அவர் கணவர் பெயரை நான் இனிக் கேட்க மாட்டேன்.

கண் ஒப்பரேசன் மாசி முடிவில். அது ஆறும்வரை என் எழுத்து வராவிட்டால் யோசிக்க வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
கார்த்திகேசு


மோர்டன், லண்டன்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒப்பரேசன் நல்லபடி முடிய வேண்டும். தூசி படாமல் இருங்கள், புத்தகம் எதையும் தொட வேண்டாம்.

நீங்கள் எழுதியது உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. நன்றி. அந்த அம்மா விதிப்படியே நடந்துவிட்டார். மேலறையைப் பற்றி டொக்டரிடமோ மகளிடமோ வாய் திறக்கவில்லை. போன சனிக்கிழமை மகள் காரில் வந்து அவரை அழைத்துப் போனாள். போகும் வழியில் அந்த அம்மா வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் இறங்கி வந்து, “இன்னும் வெளிச்சமா இருக்குதுங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகலாமுங்களா?” என்று கேட்டார். மகளுக்கு நேரமாகிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக்குப் போனேன். மோர்டன் ஸ்டேஷனடியில் தோடம்பழம் வாங்கினேன். ஒருவருக்கு ஒரு முழுப்பழம் அதிகம்.

அண்ணி,
தவநாயகி


சிவமயம்

கொக்குவில்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வலக்கண் தெளிந்துவிட்டது. கட்டு அவிழ்த்ததும் முதலில் வாசித்தது தங்கள் கடிதம். சிறிய கடிதம்தான், ஆனால் பல தடவை வாசித்தேன்.

தாங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதை அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதவும். ‘மற்றப்படி குறையில்லை’ என்பதைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

தெளிந்த கண்ணோடு புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அது அச்சான காலத்தில் நான் அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தீவில் இப்போது கவர்னரும் இல்லை, அலவன்ஸ் பிரிவும் இல்லை. பென்சன் கொடுப்பது லண்டன் அலுவலகம், அவர்களுக்கு இன்று என்ன விதியோ யார் கண்டது? நான் சொன்னது புத்தகத்தின் பதில் மட்டுமே. இதை முன்னரே எழுதியிருக்க வேண்டும். அவசரம் என்று தெரிந்தும் தோன்றாமல் போயிற்று.

அந்த அம்மா அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கட்டும்.

தம்பி,
கார்த்திகேசு


மோர்டன், லண்டன்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

கண் தெளிந்தது பெரிய சந்தோஷம். மற்றக் கண்ணையும் தாமதிக்காமல் செய்துவிடுங்கள். சாப்பிடுகிறேன். காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு பசித்தால் பார்ப்பது. இதற்கு மேல் எந்த அதிகாரிக்கும் விளக்கம் தர ஏலாது.

அலுவலகத்துக்கு எழுதச் சொல்கிறீர்கள். அங்கே எழுதுவது நடக்காத காரியம். மரினாவும் கேட்டுத்தானே கெட்டாள். ‘எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்காகக் கேட்கிறேன்’ என்று எழுதினால் எந்த லிகிதர் நம்புவார்? நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கலியாணம் முடித்துத் தீவுக்குப் போன மூன்றாம் வருடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்தேன். மனைவி மூன்று மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் உத்தியோகத்தருக்குக் குடும்பப் படி நிற்கும். இவர் தவணை நினைவூட்டி எழுதினார், கோபமாக இல்லை, உங்களைப் போலத்தான், முதலாவது இரண்டாவது என்று. அம்மா என் கையை விடாமல் படுத்திருந்தா. நான் கையை எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். நான் தீவில் இறங்க முன்னரே தந்தி அங்கே வந்து காத்திருந்தது. இரண்டு கிழமை கூட நிற்க அனுமதி உண்டா என்று அப்போதும் நான் யாரையும் கேட்கவில்லை. உங்கள் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. அவரோடு வாழ்ந்து எனக்குக் கேட்கிற பழக்கம் போய்விட்டது.

இப்போது சனி ஞாயிறு எது, திங்கள் எது என்று கலண்டரைப் பார்த்தால்தான் தெரிகிறது. வெளிச்சம் வரவர நீண்டுகொண்டு போகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்தக் கதையை இத்தோடு விடுவோம். வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன், மோர் குடியுங்கள்.

அண்ணி,
தவநாயகி


சிவமயம்

கொக்குவில்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தாங்கள் விடச் சொன்னதை நான் விடவில்லை. மன்னிக்கவும்.

சித்திரை முடிவில் லண்டன் பென்சன் அலுவலகத்துக்கு நான் எழுதினேன். கொக்குவில், கார்த்திகேசு, இளைப்பாறிய பிரதம லிகிதர் என்று என் பெயரிலேயே எழுதினேன். தீவில் உத்தியோகம் பார்த்தவரின் விதவை தன் வீட்டில் ஓர் ஆளைத் தங்க வைத்தால் என்ன நடக்கும் என்று பொதுவாகக் கேட்டேன். கோப்புத் திறப்பதென்றால் என் பெயரில் திறக்கட்டும். எனக்கு அவர்கள் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை.

நேற்றுப் பதில் வந்தது. யாரோ ஒரு பிள்ளை மரியாதையாக எழுதியிருக்கிறது. ஒரே கூரை என்ற நிபந்தனையை எடுத்துப் பல வருடமாகிறதாம். விதவைக்கு அந்தப் பென்சன் ஆயுள் முழுக்க வரும். வீட்டில் யார் இருக்கிறார் என்று அவர்கள் கேட்பதில்லை. மறுமணம் செய்தாலும் நிற்காதாம், உயிர்ச் சான்றிதழில் ‘விதவை’ என்ற வரி பழைய படிவத்தின் மிச்சம்தானாம், அதையும் தாமாகவே எழுதியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்.

இங்கே சுகம். மற்றக் கண் ஆவணியில்.

தம்பி,
கார்த்திகேசு


சிவமயம்

கொக்குவில்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆடி போய் ஆவணியும் போகிறது, தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பக்கத்து வீட்டு மிதுலனைக் கொண்டு டெலிபோன் எடுத்தேன். மணி அடிக்கிறது என்று அவன் சொன்னான். பிறகு அதுவும் நின்றுவிட்டது என்றான். சுகமாக இருக்கிறீர்களா என்பதை மட்டும் எழுதினால் போதும்.

இன்னொன்று. தாங்கள் அங்கே விளக்கேற்றும் அண்ணனுடைய படம் இங்கேயும் ஒன்று இருக்கிறது. மாலையில் நான்தான் விளக்கேற்றுகிறேன். என் காலம் வரை அது தவறாது. அதைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும் என்று இனி இல்லை. இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை.

கார்த்திகேசு


மோர்டன், லண்டன்
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள தம்பி கார்த்திகேசுவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உங்களை இவ்வளவு நாள் யோசிக்க வைத்தது பிழை. மணி அடித்தபோது கேட்டது, எழும்பிப் போக மனம் வரவில்லை.

அந்த அம்மா நான்தான். உங்களுக்கு அது எப்போதோ தெரியும், தோடம்பழத்தை எழுதிய அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்காமல் இருந்தீர்களே, அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது.

ஆடியில் வந்த உங்கள் கடிதத்தை வாசித்து, மடித்து, மேசை லாச்சியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. விதி இருந்த மட்டும் பழியை அதன் தலையில் போட்டுக்கொண்டு தூங்க முடிந்தது. விதியே இல்லை என்றால், பத்து வருடமாக அந்த மனிதரை இருட்ட முன் தெருவில் இறக்கி விட்டது யார்? இதை யோசித்து யோசித்துக் கோடை முழுவதும் போயிற்று. விளக்கைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகுதான் பிரீத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

என் வீட்டு மேலறையைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைக் கூட்டி வந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “இப்ப முடியாது ஆன்ட்டி. ராத்திரியும் ஆள் முழிச்சிருக்கணும், உங்களால ஆகாது. போன வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டாந்து விட்டிருப்பேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்றும் சொன்னாள்.

நேற்றுப் போனேன். இரண்டு ரயில் மாறி, வெஸ்ட் ஈலிங்கில் இறங்கி, நின்று நின்று நடந்தேன். இல்லத்தில் தக்ஷிகா என்று நம்முடைய பிள்ளை ஒன்று வேலை செய்கிறது. “ஐயாவுக்கு நீங்கள் என்ன முறை?” என்று கேட்டாள். “மோர்டனில் இருந்து வாறன்” என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப் போனாள்.

அவருக்கு என் பெயர் நினைவில்லை. ஆனால் என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் கிடந்த பேப்பரை எடுத்துவிட்டு, இருக்கச் சொன்னார். நான் தோடம்பழம் கொண்டு போயிருந்தேன். வாங்கி உரித்தார். கை மறக்கவில்லை, தம்பி. நாரெல்லாம் எடுத்து, பாதியை என்னிடம் நீட்டினார். சாம்பாரில் இங்கே சீனி போடுகிறார்கள் என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

ஜன்னலில் வெளிச்சம் குறையத் தொடங்கியது. அவர் தானாகவே எழும்பினார். கட்டில் தலைமாட்டில் இருந்த கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் அறையிலேயே தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

“இருட்டுதுங்க. கிளம்பறேனுங்க.”

“இண்டைக்கு நில்லுங்கோ, டொக்டர்” என்றேன். அந்த ஒரு வசனத்தை நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை.

அவர் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு வராதுங்களா?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் சான்றிதழில் கையெழுத்து வைத்தவர் அல்லவா, அதில் எழுதியிருந்ததை எல்லாம் வாசித்துத்தானே வைத்திருப்பார். தெரிந்துகொண்டுதான் அத்தனை வருடமும் ஏன் என்று கேட்காமல் குளிருக்குள் இறங்கிப் போயிருக்கிறார்.

“வராது. கேட்டுப்போட்டம்” என்றேன்.

“கேட்டாச்சுங்களா?” என்றார். “அப்பச் சரிங்க.” இருந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்த் திரும்பவும் எழும்பினார். நான் திரும்பவும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிதாகவே இருந்தது, ஒவ்வொரு முறையும் முகம் தெளிந்தது. கடைசியில் தக்ஷிகா வந்து நேரமாகிவிட்டது என்றாள். அவள் என்னை வாசல் வரை கூட்டி வந்து, அந்தத் தொப்பியை என் கையில் தந்தாள். “இதைக் கண்டால்தான், அம்மா, ஐயா ஒவ்வொரு பின்னேரமும் போகவேணும் எண்டு எழும்புறார். ஒருக்கால் விழுந்தும் போனார். மகளிட்டயும் சொன்னனான், நீங்கள் கொண்டு போங்கோ.”

அங்கிருந்து வெளிக்கிட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. மோர்டன் வந்து சேர இரவாயிற்று.

அடுத்த சனிக்கிழமையும் போவேன். இந்த வருடம் உயிர்ச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கக் கோயில் ஐயரைக் கேட்க வேண்டும். மற்றக் கண் ஒப்பரேசன் என்ன மாதிரி முடிந்தது என்று உடனே எழுதுங்கள். பூதக்கண்ணாடியை இனி யாருக்காவது கொடுத்துவிடலாம், அந்தப் புத்தகத்தையும்தான்.

தொப்பியை முன்வாசல் கொளுவியில் மாட்டியிருக்கிறேன். கதவில் கண்ணாடி இருப்பதால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். தெரியட்டும்.

அண்ணி,
தவநாயகி